புடவை விளம்பரத்துக்குத் தாராவி பின்னணியா?

கேள்வி: நானும் அக்காவும் மாட்டுங்காவில் இருந்துகொண்டு கைத்தறிப் புடவைகளை ஆன்லைனில் விற்கிறோம். தீபாவளி கலெக்‌ஷனைத் தாராவி 13-ஆம் காம்பவுண்டில் எடுக்கலாம் என்கிறார் போட்டோகிராபர். பிளாஸ்டிக் மூட்டைகளுக்கு நடுவே மாடல் நிற்பாராம். பின்னால் அங்கே பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் பெண்கள் இருப்பார்களாம். "நாலு பேர் திட்டினாலும் நாற்பது பேர் பார்ப்பார்கள்" என்கிறார். அம்மா தாராவியில் வளர்ந்தவர். கேட்டதுமே அவர் முகம் வாடிவிட்டது. அம்மா பழைய காலத்து ஆள் என்பதாலா, இல்லை இதில் நிஜமாகவே தப்பு இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: தப்பு இருக்கிறது. அம்மாவுக்கு அது பட்டென்று புரிந்திருக்கிறது. நீங்கள் விவரித்த படத்தை எடுக்காதீர்கள்.

ஃபேஷன் படத்தில் எல்லை மீறல் என்றாலே நம் ஊரில் உடம்பு எவ்வளவு தெரிகிறது என்றுதான் பார்ப்பார்கள். 1995-ல் ஒரு ஷூ விளம்பரத்துக்காக மிலிந்த் சோமனும் மது சப்ரேவும் ஆடையின்றி, மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். ஆபாசம் என்று அதன்மேல் போட்ட வழக்கு முடிய 14 ஆண்டுகள் ஆயின. ஆனால் அவர்கள் இருவரும் தொழில்முறை மாடல்கள்; என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தவர்கள். வோக் இந்தியா ஃபேஷன் பத்திரிகையின் 2008 ஆகஸ்ட் இதழில் வந்த படங்களில் அப்படி உடம்பு காட்டியவர் யாருமே இல்லை. பல் விழுந்த பாட்டி ஒருவர் கையில் குழந்தை, அதன் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள, ஃபெண்டி என்ற ஆடம்பர பிராண்டின் பிப் (எச்சில் துணி). இன்னொரு படத்தில் வெறுங்கால் மனிதர் ஒருவர் இன்னொரு ஆடம்பர பிராண்டான பர்பெரியின் குடையோடு நிற்கிறார். பொருளுக்கு பிராண்ட் பெயர் போட்டார்கள். அதைக் கையில் வைத்திருந்த மனிதர்களுக்குப் பெயர் போடவில்லை. நமக்கு இந்த இரண்டாவதுதான் அருவருப்பு. உங்கள் போட்டோகிராபர் கேட்பதும் இந்த வகைதான்: புடவையின் பளபளப்பு எடுபடுவதற்காக இன்னொருத்தி அழுக்காகத் தெரிய வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள். ஃபோனிலேயே ஒரு சோதனைப் படம் எடுத்து, பின்னால் இருக்கும் பெண்களை விரலால் மறையுங்கள். புடவை அப்போதும் நன்றாகத் தெரிந்தால் அவர்கள் அங்கே தேவையில்லை. அவர்கள் போனதும் படம் செத்துவிட்டால், அவர்களுடைய கஷ்டம்தான் உங்கள் புடவையை விற்றுக்கொண்டிருக்கிறது.

"எங்கள் நோக்கம் அதுவல்ல" என்பது இங்கே செல்லாது. 2014-ல் மும்பைப் புகைப்படக் கலைஞர் ஒருவர், பேருந்துக்குள் ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்ந்து தொல்லை செய்வதுபோல் ஃபேஷன் படங்கள் எடுத்தார். 2012 டெல்லிக் கொடுமையை வைத்து எடுக்கவில்லை என்று சொல்லியும் பார்த்தார். பேருந்தைப் பார்த்த கணத்திலேயே நாட்டுக்கே அது நினைவுக்கு வந்துவிட்டது. சம்மதம் வாங்கினாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. எய்ட்ஸால் இறந்துகொண்டிருந்த டேவிட் கர்பி என்பவரின் படத்தை 1992-ல் பெனட்டன் என்ற ஆடை நிறுவனம் விளம்பரமாக்கியபோது, குடும்பம் சம்மதித்தே இருந்தது. அப்படியும் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடியவர்களில் பலர் கொதித்தார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்தது ஸ்வெட்டர் கம்பெனியின் முத்திரை!

தாராவியிலேயே எடுக்க ஆசையா? தாராளமாக எடுங்கள், ஆனால் அங்கே இருப்பவர்களே புடவை கட்டட்டும். இட்லி அவித்து விற்கும் அக்காக்கள், தையல் வேலை செய்பவர்கள் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே எத்தனையோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் கேமரா இல்லாமல் பேசுங்கள். மாடலுக்கு அரை நாளுக்கு என்ன தருவீர்களோ, அதே தொகையை இவர்களுக்கும் கொடுங்கள். அன்றைக்கு விட்டுப்போகும் கூலியைத் தனியாகக் கொடுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வெப்சைட், இன்ஸ்டாகிராம், பேனர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதியை ஓராண்டுக்கு மேல் எழுதாதீர்கள். படத்தைப் பார்த்தபின் ஏழு நாளுக்குள் "வேண்டாம்" என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை கொடுங்கள். குழந்தைகள் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது.

பெரும்பாலும் கோணல் ஆவது கேமராவில்தான். 85 எம்.எம். லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்தால் பின்னால் இருப்பவர் வெறும் வண்ணத் திட்டாகிவிடுவார். 24 எம்.எம்.-ஐ மாடலின் பக்கத்தில் கொண்டுபோனால் அவர் ராட்சசியாகவும் மற்றவர்கள் பொம்மையாகவும் தெரிவார்கள். 35 அல்லது 50 எம்.எம்., எஃப் 5.6 முதல் 8 வரை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், கேமரா அவர்கள் கண் உயரத்தில்: இப்படி எடுக்கச் சொல்லுங்கள். சாஃப்ட்பாக்ஸ் விளக்கை ஒருவர்மேல் மட்டும் அடித்துப் பின்னணியை இரண்டு ஸ்டாப் (கால் பங்கு வெளிச்சத்துக்கு) இருட்டாக்குவது சந்துகளில் எல்லோரும் செய்யும் வேலை, அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. எடிட்டிங்கில் கிளாரிட்டியை (நுணுக்கங்களை எடுப்பாக்கும் அமைப்பு) ஏற்றினால் தோலும் சுவரும் சொரசொரவென்று வறுமையாகத் தெரியும், அதைத் தொட வேண்டாம். கேப்ஷனில் புடவையின் விலைக்கு முன்னால் கட்டியிருப்பவரின் பெயர் வரட்டும், அவர் சம்மதித்தால். லொகேஷனுக்கு மாநகராட்சி, காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 13-ஆம் காம்பவுண்டுக்குப் போகவே வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் லைட் ஸ்டாண்டைப் போட்டு வழியை அடைத்தால், உங்கள் படத்துக்காக அவர்கள் கூலி குறையும்.

போட்டோகிராபரிடம், எந்தப் படம் வெளியே போகும் என்று முடிவு செய்வது நீங்கள்தான் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் அவர் உங்களைக் கேட்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் படத்தில் இருப்பவரோ அவர் வீட்டாரோ வருத்தப்பட்டால், அன்றைக்கே படத்தை நீக்கிவிடுங்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று சுற்றிவளைக்காமல், எந்தப் படம், ஏன் நீக்கினோம் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.