சுரங்கப் பணி முடிகிறது: ஓய்வுத் தொகையை எங்கே போடுவது?

கேள்வி: எனக்கு வயது 56. நிலத்தடிச் சுரங்கத்தில் 24 ஆண்டுகள் பாறை துளையிடும் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறேன். உடன் வேலை பார்த்த ஒருவருக்கு அண்மையில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கைக்கு வரும் தொகை முழுவதையும் ஆயுள் முழுக்க மாத வருமானம் தரும் திட்டத்தில் போட்டுவிடலாமா?

பதில்: முழுவதையும் போட வேண்டாம். அத்தகைய திட்டத்தில் போட்ட முதலைப் பெரும்பாலும் அவசரத்துக்கு எடுக்க முடியாது. உங்கள் பெயரில் மட்டும் எடுத்தால், உங்களுக்குப் பிறகு வருமானமும் நின்றுவிடக்கூடும். ஒரு பகுதியை மட்டும், அதுவும் உங்கள் மனைவிக்கும் தொடரும் வகையில் போடுங்கள். ஓராண்டுக் குடும்பச் செலவோடு மருத்துவச் செலவுக்கும் போதுமான தொகை, நினைத்தவுடன் எடுக்கும்படி வங்கியில் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுரங்கக் காற்றில் சேரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை 1988இலும், பாறைத் தூளிலுள்ள படிகச் சிலிக்காவை 1997இலும், டீசல் இயந்திரப் புகையை 2012இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டலாம். புகைப்பழக்கமும் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும் என்பதால், குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சுரங்க வேலையை மறைக்காதீர்கள். தவணை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மறைத்தது பின்னர் தெரிந்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது உங்கள் பணிச் சான்றுகளைத்தான். முன்பு ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி, கணவர் இறந்த பின் இழப்பீடு கோர என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, அவர் கையில் ஓரம் கிழிந்த அடையாள அட்டை ஒன்றுதான் இருந்தது. நிறுவனத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தச் சுரங்கத்தில், என்ன வேலை செய்தார் என்பதை நிறுவவே அந்த அம்மா மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. ஆகவே, பணிச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், ஆண்டு மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், தூசி அல்லது கதிர்வீச்சு அளவீட்டுப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை ஓய்வு பெறும் முன்பே அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். உடன் வேலை பார்த்த இருவரின் பெயரையும் முகவரியையும் அவற்றோடு சேர்த்து வைத்து, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை மனைவிக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகு ஓய்வூதியத் திட்டத்தின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.