சாங்ஷன் லெட்டர் கையில் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 42,000 ரூபாய். நான் தனியார் பள்ளி ஆசிரியை, 18,000 ரூபாய். பைக் கடனுக்கு மாதம் 3,500 போகிறது. சேமிப்பு 9 லட்சம். வங்கியில் 30 லட்சத்துக்கு இன்-பிரின்சிபிள் சாங்ஷன் லெட்டர், அதாவது கொள்கையளவிலான கடன் ஒப்புதல் கடிதம், கொடுத்துவிட்டார்கள். கே.டி.சி. நகரில் கீழே வீடும் மாடியில் இரண்டு அறையும் உள்ள ஒரு வீட்டை 38 லட்சம் சொல்கிறார்கள். பத்திரத்தில் 24 லட்சம்தான் காட்டுவார்களாம். "லெட்டர் இருக்கும்போது என்ன பயம் அக்கா, வேற பார்ட்டியும் கேட்டுட்டு இருக்காவ" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். நகையை அடகு வைத்து ஆடி 18 அன்று 3 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டைக் குறை சொல்லவில்லை. இந்த மாதிரி லெட்டரில் என்ன இருக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

வங்கி இதுவரை உங்கள் இருவரை மட்டுமே பார்த்திருக்கிறது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர், அவ்வளவுதான். இருவர் சம்பளமும் சேர்ந்து 60,000 ரூபாய். அதில் ஏறக்குறைய பாதியைத் தவணைகளுக்கென்று கணக்கிட்டால், பைக் தவணை போக 26,500. 30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை சுமார் 26,000. கணக்கு அங்கே வந்து நின்றிருக்கிறது. வீட்டை வங்கி இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பத்திரங்களைப் பார்த்து வங்கி வக்கீல் தரும் சட்டக் கருத்தும், வீட்டைப் பார்த்து இன்ஜினியர் போடும் மதிப்பீடும் திருப்தியாக இருந்தால்தான் கடன் என்று பொடி எழுத்தில் இருக்கும். எத்தனை மாதம் செல்லும் என்ற தேதியும் இருக்கும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம்.

இப்போது அந்த 24 லட்சத்துக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் சிக்கலே இதில்தான் இருக்கிறது. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. எந்த மதிப்பில்? பத்திர மதிப்பு, வங்கி இன்ஜினியர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைத்தான் பொதுவாக எடுப்பார்கள். பத்திரம் 24 லட்சம் என்றால் கடன் 21.6 லட்சத்தோடு முடிந்தது. லெட்டரில் 30 என்று அச்சடித்திருந்தாலும் 8.4 லட்சம் வராது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து 9 சதவீதம். பத்திர மதிப்பைக் குறைப்பதால் அதில் மிச்சமாவது 1 லட்சத்து 26 ஆயிரம். மீதி 14 லட்சத்தை ரொக்கமாகக் கேட்பார்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நாளை நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை 24 என்றே நிற்கும், லாப வரி உங்கள் தலையில்.

மாடி அறைகளையும் கவனியுங்கள். மதிப்பீட்டு இன்ஜினியர் வந்ததும் முதலில் கேட்பது அனுமதி பெற்ற பிளானை. அதில் தரைத்தளம் மட்டும் இருந்தால், நீங்கள் ஆசைப்பட்டு ஏறிப் பார்த்த மாடி அவர் கணக்கில் இல்லாமலே போகலாம்.

பட்டாவும் அப்படித்தான். நான் பெருமாள்புரத்தில் வீடு வாங்கியபோது இதே மாதிரி லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பட்டா விற்பவரின் காலமான அம்மா பேரில் இருந்தது. வங்கி வக்கீல் வாரிசுச் சான்று கேட்டார், வெளியூர் அண்ணன் கையெழுத்தையும் கேட்டார். அண்ணன்தம்பிக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. அது முடிவதற்குள் லெட்டரின் தேதி போய்விட்டது. மறுபடி விண்ணப்பித்தபோது வட்டியும் கொஞ்சம் ஏறியிருந்தது. கொடுத்த அட்வான்ஸ் மாட்டிக்கொண்டதால் விலகவும் முடியவில்லை.

நகையை இப்போது அடகு வைக்காதீர்கள். அந்தக் கடனும் சிபிலில் ஏறும். கடன் பணத்தைக் கொடுப்பதற்கு முன் வங்கி சிபிலை மறுபடி ஒருமுறை பார்த்தால் தவணைக் கணக்கு இடிக்கும். பதிவு முடியும் வரை போன்கூட இ.எம்.ஐ.யில் வாங்க வேண்டாம்.

சரி, லெட்டரால் பயனே இல்லையா? இருக்கிறது, பேரம் பேச. முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 38 லட்சம் வீட்டுக்கு உங்கள் கையிலிருந்து போவது விலையில் 8, பதிவுக்கு 3.42, ஆக 11.42 லட்சம். கட்டாது. 34 என்றால் 4 லட்சமும் பதிவுக்கு 3.06 லட்சமும். உங்கள் 9 லட்சத்தில் மிச்சம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். அதில் வங்கிச் செலவு போக மூன்று மாதத் தவணையை ஒதுக்கி வையுங்கள். சில தனியார் பள்ளிகளில் மே மாதச் சம்பளம் கிடையாது, உங்கள் பள்ளி எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 34-ஐத் தாண்ட மாட்டேன்.

ஆடி 18 நல்ல நாள், விட மனசில்லை என்றால் 10,000 ரூபாயை விற்பவரின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். பெரிய தொகை, வக்கீலும் இன்ஜினியரும் பார்த்த பிறகு. கிரய ஒப்பந்தத்தில், சட்டக் கருத்தோ மதிப்பீடோ சரியில்லாமல் கடன் நின்றால் அட்வான்ஸை 30 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், ஒப்பந்தத்தை ரத்து செய்தால்தான் விற்பவரால் வேறு ஆளுக்குச் சிக்கலில்லாமல் விற்க முடியும். பணம் திரும்பி வந்தால் நீங்களும் தயங்காமல் ரத்து செய்வீர்கள், ஆகவே இந்த வரி அவருக்கும் நல்லதுதான்.

நாளைக்கே புரோக்கரிடம் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்), பட்டா, பிளான் நகல்களைக் கேளுங்கள். 30 வருட வில்லங்கத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். நகல் தர அவர் இழுத்தடித்தால், அந்த 'வேற பார்ட்டி'க்கே வீட்டைக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.