இமேஜ் தயாரிக்கும் படிகளைப் பொதுவாக எழுதுவதா, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதுவதா?

இமேஜ் என்பது புது மிஷின்களுக்கு அப்படியே நகலெடுக்கும் தயார் டிஸ்க், அதைத் தயாரிக்கும் கருவி பேக்கர், அதற்கான செய்முறைக் கோப்பு டெம்ப்ளேட். ஒரே ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) பத்து டெம்ப்ளேட்டில் நகலாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த நிலையில் இருந்தவன்.

எங்கள் ஆபீஸ் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். கடைகளுக்கு பில்லிங் சர்வர் போட்டுத் தருகிறோம், எல்லாம் உபுண்டு லினக்ஸ் ஓடும் விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி). புதுக் கடை வந்தால் பழைய டெம்ப்ளேட்டை நகலெடுத்துத் திருத்துவோம். ஒரு நாள் தென்காசிக் கடையிலிருந்து எங்கள் பையன் போன் செய்தான். "அண்ணே, ரெண்டு மிஷினுக்கும் ஒரே ஐபிதான் வருது. ஒண்ண அணைச்சாத்தான் இன்னொண்ணு வேலை செய்யுது."

மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டுக்கும் வேறு வேறு. ஆனால் உபுண்டு சர்வர் பதிப்பு, 18.04-லிருந்து, ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மெஷின்-ஐடியை வைத்து; அது மிஷினுக்கு மிஷின் மாற வேண்டிய எண், ஒரு கோப்பில் இருக்கும். இமேஜோடு அதுவும் நகலானால் இரண்டும் ஒரே மிஷின் என்று நினைத்து ஒரே ஐபியைத் தரும். இமேஜை மூடுமுன் அந்தக் கோப்பைக் காலி செய்யும் ஒற்றை வரி, நகலெடுத்த கையில் விட்டுப்போயிருந்தது.

அன்று இரவே துப்புரவு வேலையை ஒரே பொது ஸ்கிரிப்டாக்கினேன்: மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள் (தூரத்திலிருந்து நுழைபவருக்கு சர்வரை அடையாளம் காட்டுபவை), ஆப்ட் கேஷ் (மென்பொருள் நிறுவ இறக்கிய கோப்புகளின் மிச்சம்), லாக் எல்லாவற்றையும் அழிக்கும். எல்லா டெம்ப்ளேட்டும் அதையே கூப்பிடும். சில மாதம் கழித்து அதே கோளாறு வேறொரு கடையில். அந்தக் கடைக்கென்று பிரிண்டர் டிரைவர் போடும் தனிப் படியைத் துப்புரவுக்குப் பின்னால் சேர்த்திருந்தார்கள், அதில் ஒரு ரீபூட். மிஷின் எழுந்ததும் புது ஐடியை எழுதிக்கொண்டது, அதோடு இமேஜ் மூடப்பட்டது. ஸ்கிரிப்டில் பிழையே இல்லை. தனக்குப் பின்னால் என்ன ஓடும் என்று ஒரு பொதுப் படிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் நான் இப்போது பொதுவாக்குவது எந்த இமேஜிலும் மாறாத வேலையை மட்டும். பிரிண்டர், பில்லிங் மென்பொருள் எல்லாம் அந்தந்தக் கடையின் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும். அவற்றையும் பொதுவில் இழுத்தால் கடைக்கு ஒரு வேரியபிள் முளைக்கும், அப்புறம் ஒரு கடைக்காகத் தொட்டது இன்னொரு கடையை உடைக்கும். ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியில் ரோல் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் படிகளின் தொகுப்பு) எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதலாம், தப்பில்லை. ஆனால் வரிசை தப்பினால் ரோலும் இதே இடத்தில்தான் விழும். பேக்கருக்கு கோ மொழியில் சொந்த பிளக்-இன் எழுதுவது பெரிய டீமுக்குச் சரி, நாங்கள் மூன்று பேர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைச் சென்னையில் உட்கார்ந்து செய்தால் ஒரு சம்பளம், திருநெல்வேலியில் செய்தால் "சொந்த ஊர்தானே, வீட்டுச் சாப்பாடுதானே" என்று பாதி. தாமிரபரணித் தண்ணீர் குடித்தால் மூளை பாதியாகிவிடுமா? இன்டர்வியூவில் இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், இன்னும் ஆறவில்லை.

சரி, கடைசியாக ஒன்று செய்யுங்கள். எல்லாப் படியும் முடிந்தபின் மெஷின்-ஐடி கோப்பு காலியா என்று பார்த்து, இல்லையென்றால் பில்டையே (இமேஜ் தயாரிப்பையே) நிறுத்தும் இரண்டு வரிச் சோதனை. எங்களுக்குப் போன வாரம்கூட அது ஒரு பில்டை நிறுத்தியது. ரீபூட்டைத் துப்புரவுக்கு மேலே ஏற்றி மறுபடி ஓட்டினோம், யாரும் தென்காசிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.