டாஷ்போட்டை வெட்ட முன்னர்: ஜீப்புக்குப் பெரிய செற் பூட்டுவோரின் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனாலும் புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருபவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். கொட்டிலில் நின்ற ஜீப்புகளும் பஜரோக்களும் லாண்ட் குரூசர்களும் பெயின்ற் அடித்து, சீற் தைத்து வெளியே வருகின்றன. அடுத்து எல்லோருக்கும் வேண்டியது ரேடியோ ஓட்டையில் பூட்டுகிற பெரிய ஸ்கிரீன் செற். வந்த கேள்விகளில் கூடுதலானவை ஓட்டையின் அளவைப் பற்றியவை. வேலை கெடுவது அனேகமாக ஓட்டைக்குப் பின்னால்தான். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

என்னட்டைப் பழைய சுசுகி ஜீப் ஒன்று நிற்குது. ரேடியோ ஓட்டை சின்னன். ஒன்பது இஞ்சி அன்ட்ரொயிட் செற் பூட்ட டாஷ்போட்டை எவ்வளவு வெட்ட வேணும்? (பருத்தித்துறை)

வாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் பழைய ரேடியோவைக் கழற்றுங்கள், தம்பி.

உங்களிடம் இருப்பது சிங்கிள் டின் (DIN என்ற தர அளவில் ஒற்றை உயர) ஓட்டை. ஐஎஸ்ஓ 7736 தரப்படி அதன் வாய் 182 மில்லிமீற்றர் அகலம், 53 மில்லிமீற்றர் உயரம். டபிள் டின்னுக்கும் அகலம் அதேதான், உயரம் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு. ரொயோட்டாக்காரர் தங்கள் வாகனங்களுக்கு அகலத்தை 200 வரை கொண்டுபோனார்கள். அதனால்தான் ரொயோட்டாவில் சாதாரண செற் பூட்டினால் இரண்டு கரையிலும் இடைவெளி தெரிகிறது. ஒன்பது இஞ்சி செற் இந்தக் கணக்கு எதிலும் சேராது. அதன் முகம் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் அகலம், 13 சென்ரிமீற்றர் உயரம் வரும். அந்தந்த வாகனத்துக்கென்று வார்த்த பனல் இருந்தால்தான் அது ஒழுங்காக உட்காரும்.

ஓட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். காற்றுக் குழாய் எங்கே போகிறது? வைப்பர் பொறி எங்கே? டாஷ்போட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் எந்த உயரத்தில் குறுக்கே வருகிறது? அந்தச் சட்டத்தை மட்டும் வெட்டக்கூடாது. அது ஸ்ரியரிங் தண்டையும் சேர்த்துத் தாங்குகிற இடம். வெட்டிவிட்டு வெல்டிங் பிடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஆழத்தையும் அளக்க வேண்டும். டிவிடி உள்ளே போகிற செற் 16 சென்ரிமீற்றர் அளவு நீளும். தட்டு இல்லாத செற் அதில் பாதி, அதற்கும் குறைவாகக் கூட வரும். இரண்டுக்கும் பின்னால் பிளக்கும் வயரும் மடங்க இன்னும் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் விடுங்கள். மணல்காட்டுப் பக்கமோ கேவில் வீதியிலோ ஓடுகிற வாகனத்துக்குத் தட்டு தேவையே இல்லை. குலுக்கலில் முதலில் கெடுவது அதுதான்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், செற்றின் அளவுக்கு மட்டையில் ஒரு அச்சு வெட்டி டாஷ்போட்டில் ஒட்டுங்கள். சாரதி ஆசனத்தில் இருந்து கியரை எல்லாப் பக்கமும் போட்டுப் பாருங்கள். கை ஸ்கிரீனில் முட்டினால் அந்த இடம் சரிவராது. நாலு மூலையிலும் சின்னத் துளை போட்டுவிட்டு நேர்கோட்டில் வெட்டினால் வெடிப்பு ஓடாது. வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்ரிக் மூலையிலிருந்துதான் வெடிக்கத் தொடங்கும்.

உங்கள் ஜீப்புக்கு நான் வெட்டச் சொல்ல மாட்டேன். உடம்பு சிங்கிள் டின், ஸ்கிரீன் மட்டும் வெளியே நிற்கிற செற் கிடைக்கிறது. அதை வாங்கினால் டாஷ்போட் முழுசாக இருக்கும். அதில் ஒரு குறை: குண்டு குழியில் ஸ்கிரீன் தலையாட்டிப் பொம்மை போல ஆடும். செற்றின் பின்பக்கத்தில் ஒரு போல்ற் துளை இருக்கும். அதில் துளைப்பட்டி ஒன்றைப் பூட்டிப் பின்னாலுள்ள இரும்போடு இறுக்குங்கள். முன் கூட்டை மட்டும் நம்பிப் பூட்டிய செற் மணல் வீதியில் அதிக நாள் நிற்காது.

யப்பானிலிருந்து வந்த டீசல் லாண்ட் குரூசர். இரண்டு பற்றரி இருக்கு. 12 வோல்ற் செற் பூட்டுவதற்கு ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் எடுத்தால் காணும் என்கிறார் கராஜ்காரர். சரியா? (சாவகச்சேரி)

சரியில்லை. செற் பாடும், அதில் சந்தேகமில்லை. பற்றரிகள்தான் சாகும்.

யப்பான் சந்தைக்குச் செய்த டீசல் லாண்ட் குரூசர்கள் பலவற்றில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற் எடுப்பார்கள். ஒல்ரனேற்றர் இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் சார்ஜ் செய்கிறது. நீங்கள் கீழ்ப் பற்றரியில் (மறை முனை வாகன உடம்போடு இணைந்ததில்) இருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் பசியோடு கிடக்கும். மேல் பற்றரி அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகிக் கொதிக்கும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

இரண்டு பற்றரி இருந்தால் 24 வோல்ற்தான் என்றும் முடிவு கட்டாதீர்கள். சில ரகங்களில் இரண்டும் சமாந்தரமாக 12 வோல்ற்றில் ஓடும். இன்னும் சிலவற்றில் ஸ்ராட்டருக்கு மட்டும் 24, மற்றதெல்லாம் 12. ஆகவே பற்றரியில் அளக்காமல், ரேடியோவுக்கு வருகிற பிளக்கில் எஞ்சின் ஓடும்போது மல்ரிமீற்றரை வையுங்கள். 14க்குக் கிட்ட வந்தால் கவலையில்லை. 28 வந்தால் 24-இலிருந்து 12-க்குக் குறைக்கும் கொன்வேட்டர் வேண்டும்.

கொன்வேட்டர் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் உச்ச அம்பியரைப் பார்க்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய அம்பியர் எவ்வளவு என்று கேளுங்கள். செற்றுக்கு மட்டும் என்றால் தொடர்ந்து 10 அம்பியர் தருவது போதும். பாஸ் பெட்டிக்கு அம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற அம்ப்ளிபயர்) பூட்டுகிற யோசனை இருந்தால் அதற்கு வேறாகக் கணக்குப் பார்க்க வேண்டும். செற்றின் மஞ்சள் வயருக்கு எந்நேரமும் மின் வேண்டும் என்பதால், நினைவுக்கென்று சிறிய தனி வெளியீடு உள்ள கொன்வேட்டராக எடுங்கள். இல்லாவிட்டால் பெரிய கொன்வேட்டர் இரவு பகலாக விழித்திருந்து பற்றரியைக் குடிக்கும். காற்றுப்படுகிற இடத்தில் இரும்போடு சேர்த்துப் பூட்டுங்கள். செற்றுக்குப் பின்னால் செருகி வைத்தால் சூட்டில் போய்விடும்.

செற் பூட்டின நாளிலிருந்து, நாலு நாள் ஓடாமல் நின்றால் வாகனம் ஸ்ராட் வருதில்லை. பற்றரி புதுசு. (நெல்லியடி)

திறப்பை எடுத்த பிறகும் எதுவோ மின் குடிக்கிறது. எவ்வளவு என்று அளந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம்.

பற்றரியின் மறை வயரைக் கழற்றி, மல்ரிமீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்து இடையில் இணையுங்கள். கதவுகள் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்விளக்கின் மின்னையும் சேர்த்து அளப்பீர்கள். மீற்றர் இடையில் இருக்கும்போது மறந்தும் ஸ்ராட் அடிக்கக்கூடாது. அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தால் 50 மில்லி அம்பியருக்குள் நிற்பது ஆரோக்கியம். அரை அம்பியர் காட்டினால், நாளுக்கு 12 அம்பியர் மணி போகிறது. நாலு நாளில் 48. உங்களிடம் இருப்பது 60 அம்பியர் மணி பற்றரி என்றால் மிச்சம் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பியூஸை ஒவ்வொன்றாக இழுங்கள். எதை இழுக்கும்போது இலக்கம் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. நான் அடிக்கடி காண்பது இரண்டு. அம்பை எழுப்புகிற நீல வயரை யாரோ நிரந்தர மின்னோடு முறுக்கியிருப்பார்கள். அல்லது அன்ட்ரொயிட் செற் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். விரைவாக எழும்புவதற்கென்று அப்படி ஒரு அமைப்பு அதற்குள் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். செற் எழும்ப அரை நிமிடம் எடுத்தால் எடுக்கட்டும்.

என்ரை செற்றுக்கு எதிர்ப் பிரச்சினை. ஒவ்வொரு முறை திறப்பை எடுத்ததும் நேரம், ஸ்ரேசன் எல்லாம் மறந்துபோகுது. (மானிப்பாய்)

மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கிறது. மஞ்சள் நிரந்தரம், சிவப்பு திறப்போடு வருவது. இரண்டையும் மாற்றிப் போடுங்கள்.

லாண்ட் ரோவர் டிஃபென்டர், பழையது. டபிள் டின் வைக்க இடமே இல்லை. சத்தமும் நல்லாக வேணும். பழைய ஸ்பீக்கர் வயரையே பாவிக்கலாமா? (கொடிகாமம்)

டிஃபென்டர் டாஷ்போட்டை வெட்டிப் பெரிய செற் வைத்தவர்களை எனக்குத் தெரியும். பார்க்க அழகில்லை, விற்கப் போனால் விலையும் இல்லை. இரண்டு சீற்றுக்கும் நடுவில் ஒரு பெட்டி செய்து அதற்குள் வைக்கலாம். ஆனால் ஸ்கிரீனைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டி வரும், அது ஓட்டத்துக்கு நல்லதல்ல. தட்டு இல்லாத, புளூரூத் உள்ள சிங்கிள் டின் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பெட்டியில் “50 வாற் × 4” என்று எழுதியிருக்கும். உண்மையில் தொடர்ந்து தருவது ஒரு பக்கத்துக்கு 20 வாற்றை ஒட்டித்தான். டிஃபென்டர் எஞ்சினின் இரைச்சலுக்குள் அது கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 3 டெசிபெல் கூடின ஸ்பீக்கர், வாற்றை இரட்டிப்பாக்கின பலனைத் தரும். கடைக்காரர் வாற்றைச் சொல்வார், நீங்கள் டெசிபெல்லைக் கேளுங்கள்.

வயர் விடயம் முக்கியம். மிகப் பழைய வாகனங்களில் ஒரு ஸ்பீக்கருக்கு ஒரே வயர் போட்டு, மறுமுனையை வாகன உடம்போடு இணைத்திருப்பார்கள். இன்றைய செற்றுகளில் ஸ்பீக்கருக்கு வருகிற இரண்டு வயரிலும் மின் இருக்கிறது, எதுவும் ஏத் (வாகன உடம்போடு சேரும் மறை) இல்லை. ஒன்றை உடம்பில் முட்ட விட்டால் உள்ளே இருக்கும் அம்ப் எரியும். நாலு ஸ்பீக்கருக்கும் எட்டு வயர், புதிதாக. முன் இடம் வெள்ளை, முன் வலம் சாம்பல், பின் இடம் பச்சை, பின் வலம் ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு உள்ளது மறை. நிறங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், இருந்தாலும் செற்றின் மேல் ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டே இணையுங்கள்.

பஜரோவின் யப்பான் ரேடியோவில் எங்கடை எஃப்எம் பாதி வருதில்லை. செற்றை மாற்றின பிறகும் குழப்பமாத்தான் இருக்கு. (திருநெல்வேலி)

யப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடியும், பின்னர் 95 வரை நீட்டினார்கள். எங்களுடையது 87.5 முதல் 108 வரை. அதனால் இறக்குமதி வாகனங்களில் அன்ரெனா வயருக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்குவார்கள். புதுச் செற் பூட்டியவர் அந்தப் பெட்டியைக் கழற்றாமல் விட்டிருப்பார். கழற்றுங்கள். அதன் பின்னும் இழுவை குறைவென்றால், கண்ணாடியில் பதித்த அன்ரெனாவுக்குச் சின்ன அம்ப் இருக்கும். செற்றின் நீல வயரிலிருந்து அதற்கு மின் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் “ங்ங்...” என்று ஒரு இரைச்சல். வயர்களை முறுக்கி ரேப் சுற்றினால் காணுமா? (காரைநகர்)

ஒல்ரனேற்றரின் இரைச்சல், ஏத் சரியில்லாததால் உள்ளே வருகிறது. உங்கள் ஊரில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். செற்றுக்கும் அம்புக்கும் வெவ்வேறு இடத்தில் ஏத் எடுத்திருந்தால் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் பெயின்ரையும் துருவையும் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே வளையத்தை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் முதலில் போட்டு இறுக்குவது தலைகீழ் வேலை. அம்புக்குப் போகும் சத்த வயரும் பெரிய மின் வயரும் வாகனத்தின் வெவ்வேறு பக்கமாகப் போகட்டும். போனைச் சார்ஜில் போட்டால் மட்டும் இரைச்சல் வருகிறதென்றால் கோளாறு சார்ஜரில்.

வயர் இணைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முறுக்கி ரேப் சுற்றுவது எங்கள் வெயிலுக்கு ஆகாது, பசை உருகி வழியும். குலுங்குகிற வாகனத்தில் சொல்டர் பிடித்த இடத்தின் விளிம்பில் வயர் முறிவதும் உண்டு. நசுக்கிப் பிடிக்கும் இணைப்புப் போட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

பிராடோவில் செற் மாற்றினதிலிருந்து எயார்பாக் லைற் அணையாமல் எரியுது. (கோண்டாவில்)

டாஷ்போட்டைக் கழற்றும்போது எயார்பாக்கின் மஞ்சள் பிளக் ஒன்று விலகியிருக்க, யாரோ திறப்பைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டினாலும் அந்தத் தவறு கணினியில் பதிந்து நிற்கும். ஸ்கானர் உள்ள இடத்தில் காட்டி என்ன பதிந்திருக்கிறது என்று வாசித்த பின்னரே அழிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பிளக்கில் ரெஸ்ரரோ மல்ரிமீற்றரோ வைக்க யாரையும் விடாதீர்கள், எயார்பாக் வெடிக்கலாம். அடுத்த முறை பனலைத் தொட முன்னர் பற்றரியின் மறையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 90 விநாடி பொறுக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போதும் வீடியோ தெரிய, ஹாண்ட்பிரேக் வயரை ஏத்தில் போட்டுவிடலாம் என்கிறார்களே? (சுன்னாகம்)

போடலாம். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

ஒன்பது இஞ்சியா பத்து இஞ்சியா? (அச்சுவேலி)

ஒன்பது. பத்து இஞ்சி ஸ்கிரீன் பல ஜீப்புகளில் ஏசிக் காற்று வாயையோ, நாலு சிக்னலும் ஒன்றாகப் போடுகிற சுவிச்சையோ மறைத்துவிடும். மழை இரவில் ஏ9 வீதிக் கரையில் வாகனம் நின்றால் கை தேடிப்போவது அந்தச் சுவிச்சைத்தான்.