அலுமினியத்தில் நிறம் நிலைக்குமா?

கேள்வி: அலமாரியின் சிறிய அலுமினியக் கைப்பிடிகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசினேன். சில வாரங்களிலேயே செதில் செதிலாக உரிந்துவிட்டது. நிலைத்து நிற்கும்படி வீட்டிலேயே நிறம் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். குறை பெரும்பாலும் வண்ணத்தில் அன்று, அதன் அடித்தளத்தில்தான் இருக்கும். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது; வழவழப்பான அந்தப் பரப்பிலும், அதில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் வண்ணம் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே சோப்பு நீரில் கழுவி, 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உடனடியாக உலோகத்துக்குரிய எட்ச் பிரைமரை (உலோகப் பரப்பை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) மெல்லியதாகத் தெளித்த பிறகே வண்ணத்துக்கு வர வேண்டும். கனமாக ஒரே பூச்சாக அடிப்பதைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் மேல். அடிக்கடி கைபடும் பொருள் என்பதால், தொட்டால் ஒட்டவில்லை என்றாலும் ஒரு வாரம் பொறுத்துப் பொருத்துங்கள்.

இதைவிட நீடிப்பது அனோடைசிங். கந்தக அமிலக் கரைசலில் நேர்மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் அத்துளைகளை மூடுவார்கள். அமிலத்தோடு ஹைட்ரஜன் வாயுவும் சேரும் இந்த வேலையை நான் சமையலறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வார்ப்பு அலுமினியமாயின், அதிலுள்ள சிலிக்கானால் நிறம் சாம்பல் படர்ந்தே வரும்.

நிறம் வேண்டாம், மங்கலான தோற்றமே போதுமென்றால், நைலான் தேய்ப்பு நாரால் ஒரே திசையில் தேய்த்தாலே போதும்.