பின்குரல் கருவி மண்டபத்தில் மட்டும் சுருதி விலகுவது ஏன்?

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கிட்டார் வாசித்துக்கொண்டே தனியாகப் பாடும் அவர், திருமண வரவேற்புகளிலும் உணவகங்களிலும் நிகழ்ச்சி செய்கிறார். கிட்டாரின் கார்ட்களை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) கேட்டு, பாடுபவரின் குரலிலிருந்தே இரண்டாம், மூன்றாம் குரலை உருவாக்கித் தரும் ஹார்மனி கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் அழகாக ஒலிக்கிறது. மண்டபத்திலோ அதே பாட்டில் பின்குரல் சுருதி விலகுகிறது, சில இடங்களில் இயந்திரம் பேசுவதைப்போல் நடுங்குகிறது, அவர் பாடாமல் நிற்கும்போதும் எங்கிருந்தோ ஒரு குரல் எழும்புகிறது. விற்ற கடையில், இந்த மாடல் மேடைக்குத் தாங்காது, கூடுதல் பணம் கொடுத்து மேல் மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

மாற்ற வேண்டாம். வீட்டில் சரியாக ஒலிக்கும் கருவி மண்டபத்தில் கெட்டுப்போவதில்லை. மண்டபத்தில் அதற்குக் கிடைக்கும் ஒலிதான் கெட்டுப்போகிறது. இந்தக் கருவிக்கு இரண்டே இரண்டு செய்திகள் தேவை: நீங்கள் எந்த ஸ்வரத்தைப் பாடுகிறீர்கள் என்பது மைக் வழியாகவும், அந்த நேரத்தில் எந்த கார்ட் ஒலிக்கிறது என்பது கிட்டார் வழியாகவும் அதற்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று கலங்கினாலும் அது தவறாகக் கணக்கிடும். எவ்வளவு விலை கொடுத்து எந்த மாடலை வாங்கினாலும் இந்த நிலை மாறாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கிலிருந்து தொடங்குவோம். வீட்டில் உங்கள் மைக்குக்குள் உங்கள் குரல் மட்டுமே போகிறது. மண்டபத்தில் மானிட்டர் பெட்டியின் (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியின்) ஒலி, சுவரில் மோதித் திரும்பும் ஒலி, பக்கத்தில் செண்டை மேளம் இருந்தால் அதன் ஒலி என்று எல்லாமே உள்ளே போகின்றன. நீங்கள் பாடாதபோது எழும்பும் அந்தக் குரல், மேளத்தையோ விருந்தினர் பேச்சையோ உங்கள் குரல் என்று கருவி எடுத்துக்கொண்டதால் வருவது. எனவே உதட்டுக்கும் மைக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும், விசிலும் அடிக்கும். மானிட்டரை வைக்கும் இடமும் மைக்கின் வகையைப் பொறுத்தது. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் தன் வால்பக்கத்திலிருந்து நேராக வரும் ஒலியையே மிகக் குறைவாக எடுக்கும், ஆகவே மானிட்டர் அதற்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கத்தில் சிறிது காது உண்டு. அதற்கு மானிட்டரைப் பின்பக்கம் சற்றே இடமாகவோ வலமாகவோ தள்ளி வைக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை உள்ளே விடாமல் தடுக்கும் கேட் என்ற வசதி கருவியில் இருந்தால், நீங்கள் மெதுவாகப் பாடும் வரி வெட்டுப்படாத அளவுக்கு அதை ஏற்றி வையுங்கள். பாடாத நேரத்தில் பெடலை அழுத்திப் பின்குரலை முழுவதுமாக நிறுத்திவிடுவதே இதைவிட நல்ல பழக்கம்.

உங்கள் மைக்கின் கேபிள் நேராகக் கருவிக்குள் போக வேண்டும், கருவியிலிருந்துதான் மிக்சருக்குப் போக வேண்டும். சில சவுண்ட் சர்வீஸ்காரர்கள் தங்கள் வசதிக்காக மைக்கை மிக்சரில் செருகி, அங்கிருந்து ஆக்ஸ் (மிக்சரின் துணை வெளியீடு) வழியாகக் கருவிக்கு அனுப்புவார்கள். அந்த ஆக்ஸில் வேறு மைக் ஒன்று திறந்திருந்தால் வரவேற்பு சொல்பவரின் குரலுக்கும் சேர்த்துப் பின்குரல் பாடப்படும். இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து வெளியீடு. பெரும்பாலான மண்டபங்களில் இடது, வலது என்ற பிரிவே கிடையாது, எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒலியைத்தான் தருகின்றன. உங்கள் கருவி ஒரு பின்குரலை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்து, சவுண்ட்காரர் ஒரே ஒரு கேபிளை மட்டும் செருகினால், ஒரு குரல் காணாமலே போகும். கருவியில் மோனோ என்று குறித்த வெளியீட்டையே பயன்படுத்துங்கள், அமைப்பிலும் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, சிறிய மிக்சர்கள் பலவற்றில் 48 வோல்ட் ஃபாண்டம் பவருக்கு (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரத்துக்கு) எல்லாச் சேனலுக்கும் பொதுவாக ஒரே சுவிட்ச் இருக்கும். அந்த மின்சாரம் உங்கள் கருவியின் வெளியீட்டு முனைக்குள் ஏறுவது நல்லதல்ல. அணைத்துவிடச் சொல்லுங்கள்; வேறொரு மைக்குக்கு அது தேவை என்றால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சருடன் இணைக்கும் சிறு பெட்டி) ஒன்றை இடையில் வையுங்கள்.

கிட்டாரைப் பற்றிச் சொல்வது எளிது. டியூனர் வைத்து ஒவ்வொரு பாட்டுக்கும் முன் சுருதி சேருங்கள், ஏனென்றால் கருவி ஏ என்ற ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டே கணக்கிடுகிறது. கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேபோ என்ற பிடியைப் போட்டால் பாதகமில்லை, உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தையே அது படிக்கிறது. மூன்றாம் ஸ்வரம் இல்லாத பவர் கார்ட் வாசித்தால் அது மேஜரா மைனரா என்று கருவிக்குத் தெரியாது. ஒற்றைக் கம்பியில் மெட்டு வாசிக்கும் இடங்களில் பின்குரலை நிறுத்திவிடுங்கள்.

இங்கே கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி கருவியின் கோளாறால் வருவதில்லை, விற்பனையின் கோளாறால் வருகிறது. பாஸ் விஇ-20 போன்ற கருவிகளில் கிட்டார் செருகும் வாயே இல்லை. பாட்டின் சாவியை (கீ, அதாவது ஆதார ஸ்வரமும் அளவுகோலும்) நீங்களே முன்கூட்டி அமைக்க வேண்டும். அதே நிறுவனத்தின் விஇ-8, டிசி-ஹெலிகானின் வாய்ஸ்லைவ் 3 போன்றவை கிட்டாரைப் படிப்பவை. இரண்டும் நல்ல கருவிகள், ஆனால் வேறு வேறு தேவைக்கானவை. கிட்டாருடன் பாடுகிறேன் என்று சொல்லிக் கேட்பவருக்கு இந்த வேறுபாட்டை விளக்காமல் கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடுவதும், சில மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது மாடல் போதாது என்று சொல்லி இன்னொன்றை விற்பதும் வாடிக்கையாகிவிட்டன. பழைய கருவியைப் பாதி விலைக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு அதை வேறொரு புதியவருக்கு விற்பார்கள். இதைக் கேட்பார் இல்லை.

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்து விற்பவர்கள் இன்னொரு வகை. விலை குறைவு என்பது உண்மைதான். அமெரிக்காவுக்கென்று செய்த கருவியுடன் வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம், நம் சுவரிலோ 230 வோல்ட். சிலர் அந்த அடாப்டரை எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பாஸ் கருவிகள் நடுமுனை எதிர்மின்னாக உள்ள 9 வோல்ட் கேட்பவை. 12 வோல்ட் கேட்கும் கருவிகளும் சந்தையில் உண்டு. மின்னோட்டம் போதாத அடாப்டரைச் செருகினால் கருவி எரியாவிட்டாலும் பாட்டின் நடுவே அணைந்து அணைந்து இயங்கும். முறையாக இறக்குமதியான பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒட்டுச்சீட்டு இல்லாத பெட்டிக்கு வாரண்டி தருவதாகக் கடைக்காரர் வாயால் சொன்னால் நம்பாதீர்கள். பில்லில் எழுதி வாங்குங்கள். தமிழ்த் திரைப்பாடல்களுக்கான பிரீசெட் (முன்னமைப்பு) தொகுப்பு என்று பணம் வாங்கிக்கொண்டு கோப்பு அனுப்புகிறவர்களிடமும் ஏமாறாதீர்கள். உங்கள் குரலின் உயரமும், உங்கள் மைக்கும், நீங்கள் பாடும் கட்டையும் (சுருதி அளவும்) அவர்களுக்குத் தெரியாது.

ஒலி சுத்தமாகக் கிடைத்தும் கருவி தவறும் ஒரு விலக்கை மட்டும் விரிவாக விளக்க வேண்டும், ஏனெனில் நம் பாட்டுகளில் அது அடிக்கடி வரும். இந்தக் கருவிகள் மேலைநாட்டு மேஜர், மைனர் அளவுகோல்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அப்படியே மேஜர், நடபைரவியின் ஸ்வரங்கள் இயல்பான மைனர், கீரவாணி ஹார்மானிக் மைனர். இவற்றில் அமைந்த மெட்டுகளுக்குக் கருவி தயங்காமல் துணை நிற்கும். கல்யாணியில் அமைந்த பாட்டுக்கு அதே மேஜர் அமைப்பை வைத்தால், நீங்கள் பிரதி மத்யமம் (உயர்ந்த 'ம') பாட, பின்குரல் சுத்த மத்யமத்தை (தாழ்ந்த 'ம') எடுத்து முட்டும். இதற்கு வழி உண்டு: சாவியை உங்கள் ஷட்ஜத்தில் வைக்காமல் பஞ்சமத்தில் வையுங்கள். ஒரு கட்டையில், அதாவது சி-யில் கல்யாணி பாடினால் ஜி மேஜர் என்று அமையுங்கள், ஏழு ஸ்வரங்களும் சரியாகப் பொருந்தும். ஷட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றிப் பார்க்கும் நம் கிரகபேதம் இதுவே. புதிதாக ஒன்றும் இல்லை. இதேபோல் ஹரிகாம்போதிக்கு மத்யமத்தைச் சாவியாக வையுங்கள், ஒரு கட்டைக்கு எஃப் மேஜர். கரகரப்பிரியாவுக்குக் கைசிகி நிஷாதம், ஒரு கட்டைக்கு பி ஃபிளாட் மேஜர். நீங்கள் பாடுவது வேறு கட்டை என்றால் அதே இடைவெளியை அங்கிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளைக்கு இந்த வழி இல்லை, எந்த ஷட்ஜத்துக்கு மாற்றினாலும் அது மேஜராகவோ வழக்கமான மைனராகவோ ஆகாது. நாமே ஸ்வரங்களைக் குறிக்கும் கஸ்டம் ஸ்கேல் உங்கள் கருவியில் இருந்தால் அதில் அமையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே ஒரே குரல் என்பதோடு நிறுத்துங்கள். பைரவி, சிந்துபைரவி போல ஒரே ஸ்வரத்தின் இரண்டு வகைகளும் கலந்து வரும் ராகச் சாயலுள்ள பாட்டுகளில் பின்குரலே வேண்டாம்.

இது சாவியை நாமே அமைக்கும் முறைக்கு மட்டும் பொருந்துவது என்று எண்ண வேண்டாம். மைனஸ் ஒன் டிராக்குடன் (பாடகர் குரல் இல்லாத இசைப்பதிவுடன்) பாடுகிறவர்கள் இந்த முறையைத்தான் முழுமையாக நம்ப வேண்டும். டிராக்கைக் கேட்டுத் தானே சாவியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள், பேஸும் டிரம்ஸும் நிறைந்த டிராக்கில் தடுமாறுகின்றன. கிட்டாரைப் படிக்கும் கருவியும் நீங்கள் வாசித்த கார்ட்களில் இருந்து மீதி ஸ்வரங்களை ஊகிக்கிறது. ஒரு கட்டைக் கல்யாணியில் நடுநடுவே டி மேஜர் கார்ட் வாசித்தால், அதிலுள்ள எஃப் ஷார்ப்பைக் கேட்டுப் பிரதி மத்யமத்தைக் கற்றுக்கொள்ளும். சி மேஜரை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் அதற்குக் கற்க வழியே இல்லை.

கமகம் தனிப் பிரச்சினை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நீங்கள் அசைந்து செல்லும்போது, பின்குரலின் இடைவெளி ஓரிடத்தில் மூன்று அரைச்சுரமாகவும் அடுத்த இடத்தில் நான்காகவும் மாற வேண்டியிருக்கிறது. நீங்கள் வழுக்கிச் செல்லும் இடத்தில் அது படி ஏறி இறங்குகிறது. உங்களுக்குக் கேட்கும் அந்த இயந்திர நடுக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்), நீண்ட இழுவை, ஆலாபனை போன்ற இடங்களில் பெடலால் பின்குரலை நிறுத்திவிடுங்கள். அழுத்தும்போது மட்டும் ஒலிக்கும் மொமென்டரி அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பல்லவியின் கடைசி வரி, ஹம்மிங், நேராக நிற்கும் நீண்ட ஸ்வரம் ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒரே ஒரு குரல், உங்கள் குரலைவிட 6 முதல் 10 டெசிபல் குறைவாக இருந்தால் போதும். பாட்டு முழுவதும் மூன்று குரல் ஓடினால் கேட்பவர் காது விரைவில் அலுத்துவிடும்.

இவ்வளவையும் சரிபார்க்க நேரம் வேண்டும், அதைத்தான் யாரும் தருவதில்லை. மணமக்கள் வருவது தாமதமாகிறது, ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, மூடிய அரங்கம் அல்லாத இடங்களில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். இடையில் நசுங்குவது பாடகரின் நேரம். ஈவென்ட் மேனேஜர்கள் மேடை அலங்காரத்துக்கு நாள் முழுவதும் ஒதுக்கிவிட்டு, ஒலிச் சோதனைக்குப் பதினைந்து நிமிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். முன்பணம் வாங்கும்போதே, விருந்தினர் வருவதற்கு முன் அரை மணி நேர ஒலிச் சோதனை என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத நிகழ்ச்சியில் ஹார்மனியைப் பயன்படுத்தாமல் நேரடியாகப் பாடிவிடுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். கருவியை இணைத்ததும் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால், சில மைக்செட்காரர்கள் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டோ, எர்த் ஒயரைக் கழற்றிவிட்டோ இரைச்சலை நிறுத்துவார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். கையில் உலோகக் கம்பிகள் கொண்ட கிட்டார், உதட்டருகே உலோக மைக் என்று நிற்கும் உங்கள் உடல் வழியாக மின்சாரம் பாய அது ஒன்றே போதும். இரைச்சலை நீக்க கருவியிலோ டிஐ பாக்ஸிலோ உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள், அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் விலக்கும், மின் இணைப்பின் எர்த்தைத் தொடாது. மிக்சர், கருவி, ஆம்ப் ஆகிய மூன்றுக்கும் ஒரே சாக்கெட் வரிசையிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். அப்படியும் அடங்காமல் மைக்கைத் தொடும்போது உதட்டில் சுருக்கென்று இருந்தால், மண்டபத்தின் மின்பணியாளர் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை மேடை ஏறாதீர்கள்.