காலேஜ் சீட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், சார்

சார், நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணுக்கு மார்க் நல்லா வந்திருக்கு, பெரியப்பா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டு பேசி வச்சிருக்கார், இவ என்னடான்னா கிளாசிக்கல் கிட்டார் செய்யக் கத்துக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, ராத்திரி தூக்கமே இல்லன்னு சொல்றீங்க. எல்லாம் சரியாயிடும்னு ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. அந்த சீட்டு அவளுக்கு வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். அவகிட்ட தனியா முக்கால் மணி நேரம் பேசினேன், வாசிக்கப் புடிக்குமா செய்யப் புடிக்குமான்னுதான் முதல்ல கேட்டேன். கிட்டார் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும், போகும், அதை நம்பி நான் யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டேன். உங்க பொண்ணு பைக்குள்ளேருந்து ஒரு நோட்டை எடுத்தா. வீட்ல இருக்கிற பழைய கிட்டாரோட ஓட்டை வழியா சின்னக் கண்ணாடிய விட்டு, போன் லைட்ட அடிச்சு, மேல்பலகைக்கு அடியில விசிறி மாதிரி ஒட்டியிருக்கிற ஏழு குச்சியையும் அளவோட வரைஞ்சிருக்கா, அதுல மூணாவது குச்சி பசை விட்டுப் போச்சு அதான் அந்த ஸ்வரம் அதிருதுன்னு பக்கத்துல குறிச்சும் வச்சிருக்கா. இதை யாரும் சொல்லிக் கொடுக்கல சார்.

இன்ஜினியரிங் பத்தி நான் எதுவும் எழுதல, அதைச் சொல்ல உங்களைச் சுத்தி நிறைய பேர் இருக்காங்க. இந்த வேலையப் பத்தி சொல்ல ஆளில்ல, அதனால இதச் சொல்றேன்.

கணக்குல இவ்ளோ மார்க் வாங்கிட்டு மரம் இழைக்கப் போறதான்னு பெரியப்பா கேட்டாராமே, அவர்கிட்ட இதக் காட்டுங்க. கிளாசிக்கல் கிட்டார்ல தந்தியோட நீளம் வழக்கமா 650 மில்லிமீட்டர், அதை 17.817 ஆல வகுத்தா 36.48 வருது, முதல் ஃபிரெட், அதாவது கழுத்துல குறுக்கா பதிக்கிற கம்பி, தலைப்பக்கத்துலேருந்து அந்த மில்லிலதான் உக்காரணும், மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால வகுத்து ரெண்டாவது, இப்படியே போனா பன்னிரண்டாவது சரியா பாதியில 325ல வந்து விழும், நடுவுல அரை மில்லி பிசகினாலும் காது கண்டுபிடிச்சுடும். இன்னிக்கு கிளாசிக்கல் கிட்டாரோட உருவத்தையே நிலைநிறுத்தினவர் 1817ல பிறந்த ஸ்பெயின்காரர் அந்தோனியோ தெ தோரஸ், அவர் தச்சுவேலை கத்துக்கிட்டு வந்தவர்தான். சத்தம் மேல்பலகைலதான் இருக்குன்னு காட்டுறதுக்காக 1862ல பக்கவாட்டையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையிலயே செஞ்சு ஒரு கிட்டார் பண்ணினார். அந்த மேல்பலகை ஸ்ப்ரூஸ் இல்லன்னா சீடார் மரம், ரெண்டு, ரெண்டரை மில்லி கனம்தான், விரலால தட்டிக் கேட்டுக்கிட்டே இழைக்கணும், எங்க நிறுத்தணும்னு ஸ்கேல் சொல்லாது, காதுதான் சொல்லும். ரோஸ்வுட் பக்கப்பலகைய சூடான குழாய் மேல வச்சு அழுத்திட்டே இருந்தா ஒரு கட்டத்துல மரம் கைக்குள்ள இளகும் பாருங்க, அவசரப்பட்டா டப்புன்னு ஒடிஞ்சிரும். கடைசியா அரக்க ஸ்பிரிட்ல கரைச்சு துணி உருண்டையால மெல்லிசா பூசிப் பூசி ஏத்தணும், அதுக்கே வாரக்கணக்கு ஆகும்.

இப்போ பணம். இதுல நான் கறாரா இருப்பேன். ஒரு கிட்டாருக்கு நூறு இருநூறு மணி நேரம் போகும், பேரில்லாத ஆளோட கிட்டார உடனே யாரும் வாங்க மாட்டாங்க, முதல் சில வருஷம் சோறு போடுறது ரிப்பேர் வேலைதான்: ஃபிரெட் சமம் பண்றது, தந்தியக் கட்டுற பிரிட்ஜ் கட்டைய மேல்பலகைல ஒட்றது, வெடிச்ச பலகைய மூடறது. அதனால கடன் வாங்காதீங்க, மெஷின் வாங்காதீங்க, வெளிநாட்டு கோர்ஸுக்கு இப்போ ஒரு பைசா கட்டாதீங்க. முதல்ல ஒரு ரிப்பேர் கைக்காரர்கிட்ட ஆறு மாசம் கூட நிக்கட்டும். ரெண்டு உளி, ஒரு இழைப்புளி, நல்ல ஈரப்பத மீட்டர் ஒண்ணு போதும். மீட்டர கண்டிப்பா வாங்குங்க, காத்துல ஈரம் 45லேருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்காத ரூம்ல ஒட்டின பலகை அப்புறம் காஞ்சு வெடிக்கும்.

கச்சேரிக்கு அனுப்புறத நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க, அது தப்பு சார், கோவமாவே சொல்றேன். மைக் இல்லாம வாசிக்கிற சின்னக் கூட்டங்கள்ல கடைசி வரிசைல உக்காந்து எந்தக் கிட்டார் அங்க வரைக்கும் வருது, எது மூணாவது வரிசைலயே செத்துப் போகுதுன்னு கேக்கறதுதான் அவளுக்குப் படிப்பு. நாளைக்கு ரிப்பேருக்குக் கொண்டு வரப்போறதும் அந்தக் கூட்டத்து ஆளுங்கதான். ஃபர்னிச்சர் வேலை பார்த்துட்டிருந்த ஹோசே ரொமானில்லோஸ் செஞ்ச கிட்டார ஜூலியன் பிரீம் மாதிரி ஒரு பெரிய கலைஞர் கையில எடுத்தார்னா, வாசிக்கிறவரும் செய்றவரும் பக்கத்துல பக்கத்துல இருந்ததாலதான்.

பொம்பளப் பிள்ளை உளி புடிக்கலாமான்னு சித்தப்பா கேட்டதுக்கு நீங்களே பதில் சொல்லிடுங்க, அந்தப் பேச்சு அவ காதுல விழக்கூடாது.

அந்தப் பழைய கிட்டார்ல மூணாவது குச்சிய அவளே ஒட்டட்டும். ஒட்டின அப்புறம் நீங்க ரெண்டு பேரும் கிட்டாரோட வாங்க, நான் கேக்கணும். அதுவரைக்கும் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க.